விசிலின் சொல் எப்படி இறுதிச் சொல் ஆனது?

"வீடியோவில் ஊரே பார்த்துவிட்டது, அது கோல் இல்லை என்று. அதற்குப் பிறகும் மேட்ச் முடிவை ஏன் மாற்றுவதில்லை? ஒரே ஒரு ஆளின் விசிலுக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது? இத்தனை கேமரா வந்த பிறகும் அந்த ஆள் எதற்கு?" இதுதான் நீங்கள் கேட்டது. மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: கால்பந்தில் கண் தவறக்கூடிய ஒரு மனிதரின் சொல்லை ஏற்றுக்கொள்ள 22 பேர் எப்படிச் சம்மதித்தார்கள்? மாவட்ட லீக்கிலும் கடலோர ஊர்களின் திருவிழாப் போட்டிகளிலும் 20 ஆண்டுகளுக்கு மேல் விசில் பிடித்தவன் நான். டிவியில் வரும் பெரிய மைதானங்களில் நின்றதில்லை, வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். அறையில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பகுதியை மட்டும் படித்தும் பார்த்தும் அறிந்தவனாகச் சொல்கிறேன். மற்றது மைதானத்தில் கற்றது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நாம் நடுவர் என்கிறோம். நடுவில் நிற்பவர், எந்தப் பக்கமும் சாயாதவர். 'ரெஃப்ரி' என்ற சொல்லின் பொருள் வேறு. தீராத வழக்கு யாரிடம் கொண்டுபோய் வைக்கப்படுகிறதோ அவர் ரெஃப்ரி. கால்பந்தின் ஆரம்ப காலத்தில் அவர் அப்படித்தான் கோட்டுக்கு வெளியே நின்றார். அதற்கும் முன்பு அவரே கிடையாது. 1863 அக்டோபரில் லண்டனில் ஒரு மதுவிடுதியில் கூடி இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வைத் தொடங்கியவர்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் 13 விதிகளை எழுதி முடித்தார்கள். அந்த 13-லும் விதியை யார் காப்பது என்று ஒரு வரி இல்லை. மறந்து விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிப் பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது எழுதப்படாத ஏற்பாடு. நம் தெருவில் இரண்டு செருப்பை வைத்து கோல் போஸ்ட் ஆக்கி ஆடும் பிள்ளைகள் இன்றைக்கும் அப்படித்தான் ஆடுகிறார்கள். கத்துவார்கள், சண்டை போடுவார்கள், ஆனால் நடுவரைத் தேடிப் போக மாட்டார்கள்.

கோப்பை என்று ஒன்று வந்ததும் பேச்சு போதவில்லை. 1871-ல் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியது. 1872 மார்ச் 16 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதிப்போட்டியில் வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸை 1-0 என்று வென்றது. அன்றைக்கு இரண்டு அம்பயர்களும் ஒரு ரெஃப்ரியும் இருந்தார்கள். ரெஃப்ரியின் பெயர் ஆல்ஃபிரட் ஸ்டேர். ஓவல் கிரிக்கெட் மைதானம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்பயர் என்ற பெயரிலும், ஆட்டக்காரர் முறையிட்டால்தான் தீர்ப்பு என்ற வழக்கத்திலும் கிரிக்கெட்டின் சாயல் இருந்தது. ஆளுக்குப் பாதி மைதானம் என்று அம்பயர்கள் பிரித்துக்கொள்வார்கள். பொதுவாக ஒவ்வொரு அணியும் தன் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்பும். ஓர் அணி கை தூக்கிக் கேட்டால் அம்பயர் சொல்வார். இரண்டு அம்பயரும் ஒத்துப்போகாவிட்டால், வெளியே கடிகாரத்தோடு நிற்கும் ரெஃப்ரியிடம் போவார்கள். யாரும் கேட்காவிட்டால் அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அணி அனுப்பிய ஆள் அந்த அணிக்காகப் பேசுவது இயல்பு. நண்பர்களுக்குள் ஆடும்வரை அது பெரிய விஷயமாக இல்லை. 1885-ல் சம்பளத்துக்கு ஆடுவதை எஃப்.ஏ. அனுமதித்தது, 1888-ல் 12 கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. டிக்கெட் காசும் கூட்டமும் சம்பளமும் வந்த பிறகு ஒரு கோலின் விலை மாறிவிட்டது. 1891 பிப்ரவரியில் நாட்ஸ் கவுண்டிக்கும் ஸ்டோக்குக்கும் நடந்த கோப்பைக் காலிறுதியைப் பற்றி இளம் நடுவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். கோல் கோட்டின் மேல் நின்று ஒரு நாட்ஸ் வீரர் கையால் பந்தைத் தடுத்தார். கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கும் பெனால்டி என்பதே இல்லாத காலம். ஸ்டோக்குக்குக் கிடைத்தது கோட்டையொட்டி ஒரு ஃப்ரீ கிக். கீப்பர் பந்துக்கு நேர் முன்னால் வந்து நின்று அடைத்துக்கொண்டார். நாட்ஸ் 1-0 என்று வென்றது. விதிப்படி எல்லாம் சரி, ஆனால் பார்த்தவர் யாருக்கும் மனம் ஒப்பவில்லை.

அயர்லாந்தின் ஆர்மா பகுதியைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்ற கோல்கீப்பர் பெனால்டி யோசனையை அதற்கு முன்பே முன்வைத்திருந்தார். கனவான்கள் வேண்டுமென்றே ஃபவுல் செய்வார்கள் என்று சந்தேகப்படுவதா என்று பலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலிறுதிக்குப் பிறகு எதிர்ப்பு கரைந்தது. 1891 ஜூன் 2 அன்று கிளாஸ்கோவில் கூடிய சர்வதேச விதிக்குழு பெனால்டியை ஏற்றது. அதே ஆண்டில்தான் ரெஃப்ரி கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் இருவரும் வெளியே போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே, யாரும் கேட்கக் காத்திருக்காமல் பார்த்ததும் ஊதலாம் என்ற அதிகாரமும் அவருக்கு வந்துவிட்டது. பெனால்டி வந்ததும் ரெஃப்ரி உள்ளே வந்ததும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டீர்களே, ஆடியவர்களே கொடுத்தார்கள். இனி எங்களுக்குள் பேசித் தீர்க்க முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் நடுவர் பிறந்தார்.

விசில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். 1878-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆடிய ஒரு போட்டியில்தான் முதன்முதலாக விசில் ஊதப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்கும். அந்தக் கதைக்கான ஆதாரத்தை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதில் உறுதி இல்லை, ஏனென்றால் அன்று ரெஃப்ரி வெளியே நின்றவர். ஆட்டத்தை நிறுத்தும் வேலையே அவருக்குக் குறைவு. பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்சன் என்பவர் விசில் செய்தார் என்பதும், உள்ளே சிறு உருண்டை உருளும் 'அக்மி தண்டரர்' 1880களில் அவர் பட்டறையிலிருந்து வந்தது என்பதும் சந்தேகமில்லாதவை. இன்றைக்கும் நம் மைதானங்களில் பலர் வாயில் இருப்பது அந்த விசிலின் வம்சம்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கால்பந்தின் 5-வது விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்தில் நடந்தது என்ன என்பதில், கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, அவர் முடிவே இறுதி என்று அது சொல்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரிந்தாலும் திருப்பி எடுக்க முடியாது. 2013 அக்டோபர் 18 அன்று ஜெர்மனியில் ஹோஃபன்ஹைமுக்கும் லெவர்குசனுக்கும் நடந்த ஆட்டத்தில், லெவர்குசன் வீரர் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து போஸ்டுக்கு வெளியே போய், பக்கவாட்டு வலையின் ஓட்டை வழியாக உள்ளே வந்து கிடந்தது. நடுவர் ஃபெலிக்ஸ் பிரிஷ் கோல் கொடுத்தார். லெவர்குசன் 2-1 என்று வென்றது. படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது; ஹோஃபன்ஹைம் மறுஆட்டம் கேட்டது; ஜெர்மன் சங்கத்தின் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. நடுவர் பார்த்ததில் பிழை இருக்கலாம், ஆனால் அது நடந்ததைப் பற்றிய முடிவு, அதைத் தொட முடியாது என்பதே காரணம்.

இதற்குப் பக்கத்தில் 2005-ஐ வைத்துப் பாருங்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தான்–பஹ்ரைன் ஆட்டம். உஸ்பெகிஸ்தான் பெனால்டி அடித்தது, பந்து வலைக்குள் போனது. ஆனால் அடிப்பதற்குள் அவர்கள் ஆள் ஒருவர் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்க விட்டிருக்க வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா அந்த ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. 1-0 என்று வென்றிருந்த உஸ்பெகிஸ்தான் மறுஆட்டத்தில் 1-1 என்று சமன் செய்தது, அடுத்த ஆட்டம் 0-0, வெளியூரில் போட்ட கோலின் கணக்கில் பஹ்ரைன் மேலே போனது. கண் தவறினால் பொறுத்துக்கொள்ளும் விளையாட்டு, விதியைத் தெரியாமல் மாற்றினால் பொறுப்பதில்லை. பார்ப்பது மனித சக்திக்கு உட்பட்டது, விதியைப் படித்துவிட்டு வருவது நடுவரின் கடமை. இந்த வேறுபாடு எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. முதல் வகைப் பிழைக்கெல்லாம் ஆட்டத்தைத் திரும்ப நடத்தத் தொடங்கினால், ஒரு லீக்கும் ஒரு வருடத்தில் முடியாது.

ஆட்டத்துக்கு முன் நான் தவறாமல் செய்யும் வேலை, இரண்டு கோல் வலையையும் கையால் இழுத்துப் பார்ப்பது. கடலோர ஊர்களில் மீன்பிடி வலையையே கட்டியிருப்பார்கள். ஓட்டையைக் காட்டினால், கரையில் நிற்கும் ஒரு பெரியவர் வந்து நான் காசு சுண்டுவதற்குள் முடிந்து கொடுத்துவிடுவார். ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவர் பாதி வேலையை முடித்திருக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

உள்ளே வந்த பிறகு எங்கே நிற்பது என்பது அடுத்த சிக்கல். அதைத் தீர்த்ததில் பெரிய பங்கு ஸ்டான்லி ரூஸுடையது. 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு நடுவராக இருந்தவர். அதே ஆண்டில் எஃப்.ஏ.வின் செயலாளர் ஆனார்; 1938-ல் சிதறிக்கிடந்த விதிகளை 17 ஆக ஒழுங்குபடுத்தினார்; பிற்காலத்தில் ஃபிஃபா தலைவராகவும் இருந்தார். நடுவர் மைதானத்தின் ஒரு மூலைப் பக்கத்திலிருந்து எதிர் மூலைப் பக்கத்துக்கு மூலைவிட்டமாக ஓட, இரு லைன்ஸ்மேன்களும் அவர் எட்டாத பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் முறையைப் பரப்பியவர் அவர். ஒரு ஆட்டத்தில் நடுவர் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம், பல ஆட்டக்காரர்களுக்குச் சமம். ஆனால் ஓட்டத்தை விட முக்கியம் கோணம். பந்துக்குப் பின்னாலேயே ஓடினால் இரண்டு முதுகுகள் மட்டும் தெரியும். பக்கவாட்டில் ஓடினால் இருவருக்கும் இடையில் உள்ள வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி தெரியாமல் நான் கொடுத்த ஃபவுல்களில் சில தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பக்கத்துக் கோட்டில் நிற்பவர்களை 1996 முதல் உதவி நடுவர் என்கிறோம். நம் பக்கத்துக்காரர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் கோமளேஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராகப் பணியாற்றினார். இந்திய அணி எட்டாத மேடையில் ஒரு தமிழர் கொடியோடு நின்றார் என்பது நம்மில் பலருக்கே தெரியாது. திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா பட்டியலில் இடம்பெற்ற நடுவர். 2022 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகா–ஜெர்மனி ஆட்டத்தை பிரான்சின் ஸ்டெஃபனி ஃபிராப்பார் நடத்தியபோது, ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக நின்றது அதுவே முதல் முறை. இரண்டு உதவி நடுவர்களும் அன்று பெண்கள்.

முடிவு எடுப்பது ஒரு வேலை என்றால், எடுத்ததைப் புரியவைப்பது இன்னொரு வேலை. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தோடு ஆடிய அர்ஜென்டினாவின் கேப்டன் அந்தோனியோ ரத்தீனை ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரத்தீன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு நகர மறுத்தார். ஆட்டம் நெடுநேரம் நின்றது. அந்தத் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். 1962-ல் சிலி–இத்தாலி ஆட்டம் அடிதடியாக மாறியபோது நடுவராக நின்று, போலீஸ் உள்ளே வந்ததைப் பார்த்தவர். அவர் லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சளும் சிவப்பும் தோன்றியதாகச் சொன்னார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் வந்தன. அந்தத் தொடரில் ஒரு சிவப்பு கார்டும் எடுக்கப்படவில்லை. 1974-ல் சிலியின் கார்லோஸ் காசேலிக்கு துருக்கி நடுவர் தோகான் பாபாஜான் காட்டியதே உலகக் கோப்பையின் முதல் சிவப்பு. எந்த மொழிக்காரருக்கும் ஒரு துண்டு அட்டை புரிந்துவிடுகிறது. ஆனாலும் கார்டுக்கு முன்னால் பேச்சு இருக்க வேண்டும். "தம்பி, இதோட நிறுத்திக்க, அடுத்தது மஞ்சள்" என்று பத்தாவது நிமிடத்தில் மெதுவாகச் சொன்னதில் நான் தவிர்த்த சண்டைகள், கார்டு எடுத்துத் தீர்த்த சண்டைகளை விட அதிகம்.

நடுவர் நேர்மையாக இருந்தாலும் சாய்வாரா? சாய்வார் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரே ஆட்டப் படத்தை இங்கிலாந்து நடுவர்களில் சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடும் சிலருக்குச் சத்தம் இல்லாமலும் போட்டுக் காட்டிய ஆய்வில், சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்கள் சொன்னார்கள். ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்தவர்கள், உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கூடுதல் நேரம் நீள்வதைக் கண்டார்கள். இது காசு வாங்குவது போன்றது அல்ல. அறியாமல் நடப்பது. 5,000 பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, எதையோ பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று மனம் நம்பிவிடுகிறது. நான் அதை உடம்பில் உணர்ந்திருக்கிறேன். தனிப்பட்ட ஒரு தீர்ப்பைக் காட்டி "இது கூட்டத்துக்குப் பயந்து கொடுத்தது" என்று சொல்வது மட்டும் யாராலும் நிரூபிக்க முடியாத காரியம்.

காணாததை ஊகிக்கக்கூடாது என்பது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. 1986 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் தட்டிய கோலை அனுமதித்த துனீசிய நடுவர் அலி பின் நாசர், தான் சந்தேகப்பட்டு லைன்ஸ்மேனைப் பார்த்ததாகவும், அவர் கொடி உயர்த்தாததால் கோல் கொடுத்ததாகவும் பின்னாளில் சொன்னார். 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்சின் ஜிடான் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதை நடுவர் எலிசோண்டோ பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவர் காதொலிபேசியில் சொன்ன பிறகே சிவப்பு கார்டு எடுத்தார். இருவரும் செய்தது ஒரே வேலை, தன்னை விட நல்ல இடத்தில் நின்றவரைக் கேட்டது. ஒருவருக்குச் சரியான பதில் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

கேமராவும் அதே வரிசையில் வந்து நிற்கும் இன்னொரு கண்தான். 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் கோல் கிடைக்கவில்லை. 2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனென்றால் பந்து தாண்டியதா என்பது அளந்து சொல்லக்கூடிய விஷயம். வி.ஏ.ஆர். 2018-ல் விதிப்புத்தகத்தில் ஏறியது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு கார்டு, ஆள் மாறாட்டம் என்ற நான்கில் மட்டும், அதுவும் தெளிவான பிழை அல்லது கவனிக்காமல் விட்ட பெரிய சம்பவம் என்றால் மட்டும் தலையிடலாம் என்று அப்போது வைத்தார்கள். அப்போதும் இறுதி முடிவு மைதானத்தில் நிற்பவருடையது. 2018 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் குரோஷிய வீரர் பெரிசிச்சின் கையில் பந்து பட்டதை நடுவர் பிட்டானா திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பெனால்டி கொடுத்தார். அது சரியா என்று இன்றும் நல்ல நடுவர்களே இரண்டு பக்கமாகப் பேசுகிறார்கள். படம் தெளிவு, கை இயல்பாக இருந்ததா என்பது படத்தில் இல்லை. எதிரணிக் காவலர்களைத் தாண்டி முன்னாலேயே நிற்கும் ஆஃப்சைடில் சண்டை குறைந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். கையில் பந்து படும் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

1891-க்கு முன் உள்ளே இருந்தவர்கள் ஒத்துப்போகாதபோது வெளியே நின்றவரைக் கேட்டார்கள். இன்றைக்கு உள்ளே நிற்பவர் வெளியே திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கிறார். ஃபவுல் நடந்தும் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு இரண்டு விநாடி பொறுத்து, தாக்குதல் தொடரட்டும் என்று விடும் அந்த வேலையைத் திரையில் உட்கார்ந்து செய்ய முடியாது. அது முடிந்த பிறகு பார்ப்பது வேறு, நடக்கும்போதே ஆட்டத்தை ஓடவிடுவது வேறு.

அடுத்த ஆட்டத்தில் கார்னர் கிக் வரும்போது பந்தை விட்டுவிட்டு நடுவரை மட்டும் பாருங்கள். பந்து காற்றில் இருக்கும்வரை அவர் பெரும்பாலும் அதைப் பார்க்க மாட்டார். பெட்டிக்குள் யாருடைய கை யாருடைய சட்டையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.